ஓராண்டில் 6.4 இருந்த ஏஎம்ஹெச் 0.9 ஆகிவிட்டது. தெரிந்தவர்கள் விளக்குங்கள்

செந்தூல் மல்லிகை
ஞாயிறு, இரவு 11:20

எனக்கு வயது 34. திருமணமாகி மூன்று ஆண்டுகள் ஆகப்போகின்றன. இரண்டு ஆண்டுகளாகக் குழந்தைக்கு முயன்றுவருகிறோம். கோலாலம்பூர் செந்தூலில், மாமியார் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறோம். கல்யாண மண்டபம், கோயில், இழவு வீடு, எங்கே போனாலும் "விசேஷம் ஏதும் உண்டா?" என்ற கேள்வி என் வயிற்றைப் பார்த்துத்தான் வருகிறது. என் கணவர் பக்கத்திலேயே நிற்பார். அவரிடம் யாரும் கேட்டதில்லை.

சென்ற ஆண்டு ஓர் ஆய்வகத்தில் பெண்களுக்கான ஹார்மோன் தொகுப்புப் பரிசோதனை செய்துகொண்டேன். கருமுட்டைக் கையிருப்பைக் காட்டும் ஏஎம்ஹெச் என்ற ஹார்மோன் 6.4 என்று வந்தது. 1க்கு மேல் இருந்தால் போதும் என்று எங்கோ படித்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். இந்த மாதம் ஒரு தனியார் கிளினிக்கில் மறுபடியும் இரத்தம் எடுத்தார்கள். ஏஎம்ஹெச் 0.9. மாதவிடாய் தொடங்கிய 21ஆம் நாள் எடுத்த புரோஜெஸ்ட்ரோன் 0.8. "கருமுட்டை வேகமாகத் தீர்ந்துகொண்டிருக்கிறது, முட்டை வெடிப்பதும் இல்லை, இனிச் சோதனைக்குழாய்ச் சிகிச்சைதான்" என்று சொல்லி, பதினெட்டாயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு செலவுப் பட்டியலைக் கையில் கொடுத்தார்கள். சொன்னவர் மருத்துவர் அல்லர், முகப்பில் இருந்த பெண். காரை எடுக்க முடியாமல் அடித்தளத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அழுதேன்.

கணவர் எந்தச் சோதனையும் செய்துகொள்ளவில்லை. "எங்கள் பரம்பரையில் யாருக்கும் அந்தக் குறை கிடையாது" என்கிறார். மாமியார் தைப்பூசத்துக்கு என் பெயரில் பால்குடம் நேர்ந்திருக்கிறார். வேண்டுதலில் எனக்கு வருத்தமே இல்லை, நானும் முருகனிடம்தான் போய் நிற்கிறேன். என் பெயரில் மட்டும் நேர்ந்ததுதான் குத்துகிறது.

ஓராண்டில் இவ்வளவு சரியுமா? யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

பத்துமலை அடிவாரம்
ஞாயிறு, இரவு 11:52

சகோதரி, மனம் தளர வேண்டாம். என் அண்ணிக்கு மலாய்த் தோழி ஒருவர் காச்சிப் பாத்திமா என்ற மூலிகை வாங்கிக் கொடுத்தார். கருப்பைக்கு நல்லது என்றார்கள். ஒருமுறை முயன்று பாருங்களேன்.

பினாங்கு தாதி
திங்கள், காலை 6:15

தங்கை, நான் முப்பது ஆண்டுகள் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். அதில் பெரும்பகுதி மகப்பேற்றுப் பிரிவில் கழிந்தது. எதையும் வாங்கிக் குடிப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். இரண்டு அறிக்கைகளையும் மேசையில் அருகருகே வையுங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் ஓர் அளவு அச்சிட்டிருக்கும். சென்ற ஆண்டு அறிக்கையில் என்ன இருக்கிறது, இந்த மாத அறிக்கையில் என்ன இருக்கிறது, அப்படியே எழுதுங்கள். உங்கள் மாதவிடாய்ச் சுழற்சி எத்தனை நாள் என்பதையும் சொல்லுங்கள்.

செந்தூல் மல்லிகை
திங்கள், மதியம் 1:05

பழைய அறிக்கையில் "லிட்டருக்குப் பிகோமோல்" என்ற அளவு. புதியதில் "மில்லிலிட்டருக்கு நானோகிராம்". சுழற்சி எப்போதும் நீளம்தான், 34 முதல் 36 நாள் ஆகும். ஏன் அக்கா?

பினாங்கு தாதி
திங்கள், மதியம் 1:40

அழுத கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள். மில்லிலிட்டருக்கு ஒரு நானோகிராம் என்பது லிட்டருக்கு ஏறத்தாழ 7.14 பிகோமோலுக்குச் சமம். 0.9ஐ அதனால் பெருக்குங்கள், 6.4 வரும். உங்கள் ஏஎம்ஹெச் ஓராண்டில் ஒரு புள்ளிகூட இறங்கவில்லை. ஒரே எண்ணை இரண்டு ஆய்வகங்கள் இரண்டு அளவில் அச்சிட்டிருக்கின்றன. படியில் அளந்த அரிசியையும் கிலோவில் நிறுத்த அரிசியையும் பக்கத்தில் வைத்துவிட்டு மூட்டை குறைந்துவிட்டது என்று ஒரு பெண்ணிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

இனிப் பொறுமையாகச் சொல்கிறேன். சினைப்பையில் இருக்கும் சிறு நுண்பைகளைச் சுற்றியுள்ள செல்கள் சுரப்பதுதான் ஏஎம்ஹெச். எத்தனை நுண்பைகள் கையிருப்பில் உள்ளன என்பதற்கு அது ஒரு மதிப்பீடு. முட்டையின் தரத்தை அது சொல்லாது, இந்த மாதம் கரு தங்குமா என்பதையும் சொல்லாது. சோதனைக்குழாய்ச் சிகிச்சைக்கு ஊசி போடும்போது எத்தனை முட்டைகள் கிடைக்கக்கூடும், எவ்வளவு மருந்து கொடுக்கலாம் என்று மருத்துவர் கணக்கிட அது மிகவும் பயன்படும். 2017இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஓர் ஆய்வு வந்தது. 30 முதல் 44 வயது வரையுள்ள 750 பெண்கள், முன்பு கருத்தரிப்புச் சிக்கல் எதுவும் இருந்திராதவர்கள். ஏஎம்ஹெச் 0.7க்குக் கீழே இருந்தவர்களும் மற்றவர்களைப் போலவே இயல்பாகக் கருத்தரித்தார்கள். நீங்கள் இரண்டு ஆண்டுகளாக முயன்றுவருவதால் அந்த முடிவை அப்படியே உங்களுக்குப் பொருத்த முடியாது. 34 வயதுக்கு 0.9 சற்றுக் குறைவுதான், அதையும் மறைக்க மாட்டேன். ஆண்டுக்கணக்கில் காத்திருக்காதீர்கள். ஆனால் "தீர்ந்துகொண்டிருக்கிறது" என்ற சொல்லுக்கு அந்தக் காகிதத்தில் ஆதாரம் இல்லை.

அடுத்தது புரோஜெஸ்ட்ரோன். முட்டை வெளிவந்தபின் அந்த நுண்பையின் எச்சம் இந்த ஹார்மோனைச் சுரக்கிறது. ஒரு வாரம் கழித்து அது உச்சத்தில் இருக்கும், அடுத்த மாதவிடாய்க்கு முன் இறங்கிவிடும். ஆகவே அடுத்த மாதவிடாய் வருவதற்கு ஏழு நாள் முன்பு இரத்தம் எடுக்க வேண்டும். 28 நாள் சுழற்சி உள்ளவருக்கு அந்த நாள் 21. பாடநூல்களில் 21 என்று அச்சாகிப்போனதால் எல்லாரையும் 21இல் வரச்சொல்கிறார்கள். உங்களுக்கு 35 நாள் சுழற்சி என்றால் முட்டை ஏறத்தாழ 21ஆம் நாளில்தான் வெளிவரும். அந்த நாளிலேயே இரத்தம் எடுத்தால் 0.8 வராமல் வேறென்ன வரும்? 28ஆம் நாளில் எடுங்கள். 3 நானோகிராமுக்கு மேல் வந்தால் முட்டை வெளிவந்திருக்கிறது என்று பொருள்.

எஃப்எஸ்ஹெச், எல்ஹெச், ஈஸ்ட்ரடையால் என்ற ஹார்மோன்கள் மூன்றும் மாதவிடாயின் இரண்டு முதல் நான்காம் நாளுக்குள் எடுக்க வேண்டியவை. ஏஎம்ஹெச் எந்த நாளிலும் எடுக்கலாம். இரத்தம் எடுத்தது சுழற்சியின் எத்தனையாவது நாள் என்று அறிக்கையின் மேல் நீங்களே பேனாவால் எழுதி வையுங்கள்.

பத்துமலை அடிவாரம், நீங்கள் நல்ல மனத்தோடு சொன்னீர்கள், அதில் ஐயமில்லை. ஆனால் காச்சிப் பாத்திமா பிரசவத்தை எளிதாக்கவும் பிரசவத்துக்குப் பின் உடல் தேறவும் மலாய்ப் பெண்கள் வழிவழியாகப் பயன்படுத்திய மூலிகை. கரு தங்கியிருக்கலாம் என்ற நிலையில் இருப்பவர் குடிப்பதற்கு உரியதன்று.

கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமானது. உங்கள் கணவரின் விந்துப் பரிசோதனை இல்லாமல் உங்களுக்கு ஒரு வெள்ளிகூடச் செலவழிக்காதீர்கள். கருத்தரிப்புச் சிக்கல் உள்ள தம்பதியரில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆணின் பங்கும் இருக்கிறது. எல்லாச் சோதனைகளிலும் மலிவானது அது, ஊசிகூடக் குத்த வேண்டியதில்லை. 35 வயதுக்குக் கீழ் ஓராண்டு, 35க்கு மேல் ஆறு மாதம் முயன்றும் கரு தங்கவில்லை என்றால் இருவரும் ஒரே நேரத்தில் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்பதுதான் மருத்துவ முறை.

செந்தூல் மல்லிகை
திங்கள், இரவு 9:30

கணக்கியைத் தட்டிப் பார்த்தேன். 6.4தான். நான்கு முறை தட்டினேன். அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

கணவரிடம் இன்னும் பேசவில்லை. பேசினால் சண்டையில் முடியும்.

பிறை இரவுப்பணி
செவ்வாய், காலை 8:10

சகோதரி, உங்கள் கணவருக்கு நான் எழுதுகிறேன். முடிந்தால் இதை அவரிடம் காட்டுங்கள்.

வயது 36. பினாங்கு பிறையில் ஒரு தொழிற்சாலையில் எட்டு ஆண்டுகளாக இரவுப் பணி. மூன்று ஆண்டுகளுக்கு முன் உடல் சோர்வு, எதிலும் நாட்டமின்மை. ஜிம் நண்பர் ஒருவர் சொன்ன இடத்துக்குப் போனேன். மாலை ஐந்து மணிக்கு இரத்தம் எடுத்தார்கள். முந்தைய இரவு முழுக்க வேலை, பகலில் மூன்று மணி நேரத் தூக்கம். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் 9.1 வந்தது. "ஆண்மைக் குறைவு" என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டபின் ஒரு மனிதன் வேறெதையும் கேட்கமாட்டான். அன்றே டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொண்டேன். குழந்தை வேண்டுமா என்று அவர்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

உடம்பு நன்றாகத்தான் இருந்தது. தோள் அகன்றது, சுறுசுறுப்பு வந்தது. என்னைப் பார்த்தவர்கள் எல்லாரும் என் மனைவியிடம்தான் குறை என்று முடிவு செய்தார்கள். எட்டு மாதம் கழித்து விந்துப் பரிசோதனை. அறிக்கையில் ஒரே வரி: விந்தணு எதுவும் காணப்படவில்லை.

அரசாங்க மருத்துவமனை மருத்துவர் ஒரு தாளில் படம் வரைந்து விளக்கினார். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் என்ற இரண்டு ஹார்மோன்களை அனுப்பித்தான் விரைகளை வேலை வாங்குகிறது. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் உள்ளே போனால், சரக்கு நிறைய இருக்கிறது என்று நினைத்து பிட்யூட்டரி அந்த இரண்டையும் நிறுத்திவிடும். இரத்தத்தில் அளவு உயர்ந்திருக்கும். ஆனால் விந்தணு உருவாக விரைக்கு உள்ளே இரத்தத்தைவிடப் பல மடங்கு டெஸ்டோஸ்டிரோன் வேண்டும், அது வற்றிப்போகும். இதே ஊசியை ஆண்களுக்கான கருத்தடை மருந்தாகவே உலக சுகாதார நிறுவனம் சோதித்திருக்கிறது என்றார். வாரம் 200 மில்லிகிராம். அந்த முடிவுகள் 1990இலேயே வெளிவந்துவிட்டன. நான் குழந்தைக்கு ஏங்கிக்கொண்டே கருத்தடை ஊசி போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஊசியை நிறுத்தி வேறு மருந்து கொடுத்தார்கள். 14 மாதங்கள் கழித்து முதன்முறையாக எண்ணிக்கை வந்தது. கடைசி அறிக்கையில் மில்லிலிட்டருக்கு 1.9 கோடி. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கையேட்டில் கீழ் எல்லை 1.6 கோடி. இன்னும் முயன்றுகொண்டிருக்கிறோம். அந்த இரண்டு ஆண்டுகள் என் மனைவி கேட்ட பேச்சுகளை என்னால் திருப்பி வாங்க முடியாது.

டெஸ்டோஸ்டிரோனைக் காலையில், வெறும் வயிற்றில், நன்றாகத் தூங்கி எழுந்தபின் எடுக்க வேண்டும். குறைவாக வந்தால் இன்னொரு நாள் மறுபடி எடுத்து உறுதி செய்ய வேண்டும். இந்த ஒரு வரியை எனக்கு அன்று யாராவது சொல்லியிருந்தால் போதும்.

அண்ணா, நீங்கள் இதைப் படித்தால்: மீசை, தோள், குரல், படுக்கை எல்லாம் சரியாக இருக்கும் ஆணுக்கும் விந்தணு இல்லாமல் இருக்கலாம். நான் இருந்தேன்.

ஆயர் ஈத்தாம் அரளி
செவ்வாய், இரவு 10:02

பிறை அண்ணன் எழுதியதை இரண்டு முறை படித்தேன். என் பங்குக்கு இதைச் சொல்லிவிடுகிறேன், இழை கொஞ்சம் திசை மாறினாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 29. பதினைந்து வயதிலிருந்தே மாதவிடாய் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான். தாடையில் முடி. "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்று சொல்லி அனுப்பிய மருத்துவர் ஒருவர். கல்யாணம் ஆயிற்று, எதுவும் சரியாகவில்லை. பிசிஓஎஸ் என்று பெயர் தெரியவே பத்து ஆண்டுகள் ஆயின. தமிழில் இதை நீர்க்கட்டி என்கிறோம். அந்தச் சொல்லே பாதிப் பயத்தைக் கொண்டுவருகிறது, அறுவை செய்து எடுக்கச் சொல்லி என் அத்தை நின்றார். அவை கட்டிகள் அல்ல. வளரத் தொடங்கிப் பாதியில் நின்றுபோன நுண்பைகள். எனக்கு ஏஎம்ஹெச் மிக அதிகம், மல்லிகை அக்காவுக்கு நேர்மாறு. அதிகமாக இருந்தும் முட்டை வரவில்லை. அந்த எண்ணை மட்டும் வைத்து யாரும் எதையும் முடிவு செய்ய முடியாது என்பதற்கு நானே சாட்சி.

கிள்ளான் ரோடு
செவ்வாய், இரவு 10:30

பிசிஓஎஸ் என்றால் உடல் எடையைக் குறைத்தாலே போதும். சோற்றை நிறுத்துங்கள், எல்லாம் தானாகச் சரியாகும். நம் பெண்கள் உடற்பயிற்சி செய்வதில்லை, அதுதான் காரணம்.

ஆயர் ஈத்தாம் அரளி
செவ்வாய், இரவு 10:58

என் எடை 52 கிலோ. தினமும் காலையில் தண்ணீர்மலைப் படி ஏறுகிறேன். ஒல்லியானவர்களுக்கும் இது வரும்.

உள்ளே நடப்பது இதுதான். உடல் இன்சுலினுக்குச் சரியாகப் பணிவதில்லை, அதனால் கணையம் கூடுதலாகச் சுரக்கிறது. அந்த இன்சுலின் சினைப்பையைத் தூண்டி டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டுகிறது. கல்லீரல் எஸ்ஹெச்பிஜி என்ற புரதத்தைச் சுரக்கிறது, இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்துக் கட்டி வைக்கும் காவலன் அது. இன்சுலின் அதையும் குறைத்துவிடுகிறது. கட்டவிழ்ந்த டெஸ்டோஸ்டிரோன் தாடையில் முடியாக வருகிறது. எடை கூடியவர்களுக்கு எடை குறைத்தால் பலன் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் அதைச் சோம்பலுக்குத் தண்டனை போலச் சொல்லாதீர்கள். 2023 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இனவாரியாகப் பார்த்தால் நம்மவர்களிடம்தான் அதிகம். ஆண்களும் சேர்த்துத்தான். இரத்தத்தில் வருவதற்குப் பெண்ணின் சமையலறையை மட்டும் குற்றம் சொல்ல முடியுமா?

இன்னொன்று. மூன்று மாதத்துக்கு மேல் மாதவிடாய் வராமல் விடக்கூடாது. கருப்பையின் உட்சுவர் தடித்துக்கொண்டே போகும், அது நல்லதன்று. குழந்தை வேண்டுமா வேண்டாமா என்பது அப்புறம். இதற்காகவாவது மருத்துவரைப் பாருங்கள். எனக்கு இப்போது முட்டை வெளிவர லெட்ரோசோல் கொடுக்கிறார்கள். சோதனைக்குழாய் வரை போவதற்கு முன் இப்படி மாத்திரைப் படிகள் பல இருக்கின்றன.

கிள்ளான் ரோடு
புதன், காலை 7:20

தெரியாமல் எழுதிவிட்டேன், மன்னியுங்கள் தங்கை. என் மகளுக்கும் மாதவிடாய் தள்ளித் தள்ளித்தான் வருகிறது. அவளிடமும் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகி
புதன், மதியம் 12:45

யாரும் சொல்லாத ஒன்று. முடி உதிர்வுக்குப் பயோடின் மாத்திரை சாப்பிடுபவர்கள் ஹார்மோன் சோதனைக்கு முன் அதை ஆய்வகத்தில் சொல்லுங்கள். பல ஆய்வகக் கருவிகள் பயோடினைக்கொண்டே அளவிடுகின்றன. மாத்திரையில் இருப்பது குறுக்கிட்டு எண்ணைப் பொய்யாகக் கூட்டும், அல்லது குறைக்கும். எனக்கு தைராய்டு அதிகம் என்று ஒரு மாதம் பயமுறுத்தினார்கள். மாத்திரையை நிறுத்தி எடுத்தால் எல்லாம் சரி. இரண்டு நாளாவது நிறுத்த வேண்டும், அளவு அதிகம் என்றால் இன்னும் கூடுதல் நாள்.

பட்டர்வொர்த் காற்று
புதன், இரவு 8:15

ஒரு ஐயம். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் விற்கும் தொங்காட் அலி வேர் கலந்த காப்பி டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டும் என்கிறார்களே, அதுவும் ஊசி போலக் கெடுதலா?

பினாங்கு தாதி
புதன், இரவு 9:00

தம்பி, வேரில் இருக்கும் கெடுதலைவிடப் பொட்டலத்தில் இருக்கும் கெடுதல்தான் என்னை அஞ்சவைக்கிறது. ஆண்மைக் காப்பி என்று விற்கப்பட்டவற்றில் சில்டெனாபில், தடாலாபில் போன்ற விறைப்புக்கான மருந்துகள் இரகசியமாகக் கலந்திருந்ததைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுபவர் அதைக் குடித்தால் இரத்த அழுத்தம் சட்டென்று விழுந்து உயிரே போகலாம். மூலிகை மருந்து என்று மாத்திரையாக விற்பவர் யாராக இருந்தாலும் பொட்டலத்தில் "எம்ஏஎல்" என்று தொடங்கும் பதிவெண்ணும் ஒளிரும் முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். விந்தணு குறைவுக்கு அது மருந்து என்று நம்பி மாதங்களைக் கடத்தாதீர்கள்.

செலவைப் பற்றித் தனிச் செய்தியில் இருவர் கேட்டார்கள். தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியம், அதாவது எல்பிபிகேஎன், கருத்தரிப்புக் குறைக்கு ஆலோசனையும் சிகிச்சையும் தருகிறது. கோலாலம்பூரில் இருப்பவர்கள் முதலில் அங்கே விசாரியுங்கள், அல்லது அரசாங்க கிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். கருத்தரிப்புச் சிகிச்சைச் செலவுக்கு வருமான வரி விலக்கும் உண்டு. மருத்துவச் செலவுக்கான மொத்த விலக்கு 2023 முதல் பத்தாயிரம் ரிங்கிட், அதற்குள் இது அடங்கும். இரசீதுகளைத் தொலைக்காதீர்கள்.

செந்தூல் மல்லிகை
ஏழு வாரங்களுக்குப் பின், சனி, மாலை 5:30

எழுதாமல் இருந்துவிட்டேன், மன்னியுங்கள்.

பிறை அண்ணனின் பதிவைக் கணவரிடம் கொடுத்துவிட்டு நான் சமையலறைக்குப் போய்விட்டேன். அரை மணி நேரம் வீட்டில் சத்தமே இல்லை. பிறகு வந்து, "எத்தனை நாள் விலகியிருந்துவிட்டுக் கொடுக்க வேண்டும்?" என்று மட்டும் கேட்டார். இரண்டு முதல் ஏழு நாள் என்று படித்துச் சொன்னேன்.

28ஆம் நாளில் எடுத்த என் புரோஜெஸ்ட்ரோன் 11.2. முட்டை வெளிவருகிறது. அவர் அறிக்கையில் எண்ணிக்கை மில்லிலிட்டருக்கு 90 இலட்சம், முன்னோக்கி நீந்துபவை 18 விழுக்காடு. கீழ் எல்லை 30 என்று அறிக்கையிலேயே அச்சிட்டிருந்தது. இடப்பக்க விரையில் இரத்தநாளப் புடைப்பு இருப்பதாக மருத்துவர் கையால் தொட்டே சொன்னார். அவர் அன்று இரவு சாப்பிடவில்லை. எனக்குள் ஒரு நொடி "இப்போது தெரிகிறதா?" என்று எழுந்தது, அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அந்த இடத்தில் நான் இரண்டு ஆண்டுகள் உட்கார்ந்திருந்திருக்கிறேன், அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் அவரே மாமியார் வீட்டுக்குப் போய் அறிக்கையைக் காட்டியிருக்கிறார். நான் உடன் போகவில்லை. அவர்கள் என்ன பேசினார்கள் என்று கேட்கவுமில்லை.

பினாங்கு தாதி
சனி, மாலை 6:10

தங்கை, ஓர் அறிக்கையோடு நிற்காதீர்கள். விந்தணு உருவாகி முழுமையடைய ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். நடுவில் ஒரு காய்ச்சல் வந்திருந்தால்கூட எண்ணிக்கை விழும். மூன்று மாதம் கழித்து மறுபடி எடுக்கட்டும். அதற்குள் புகைப்பவர் என்றால் இன்றே நிறுத்தட்டும், வெந்நீர்த் தொட்டி, நீராவிக் குளியல் வேண்டாம். எஃப்எஸ்ஹெச், காலை டெஸ்டோஸ்டிரோன் இரண்டையும் அவருக்கு எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். யாராவது டெஸ்டோஸ்டிரோன் ஊசி என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

பிறை இரவுப்பணி
சனி, இரவு 11:45

அண்ணனிடம் என்னோடு பேசச் சொல்லுங்கள். எந்த நேரமானாலும் சரி, நான் விழித்துத்தான் இருப்பேன்.

செந்தூல் மல்லிகை
ஞாயிறு, காலை 9:05

சொல்லிவிட்டேன். நேற்று இரவே உங்களுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார், பாருங்கள். மாமியார் சற்றுமுன் அழைத்தார். பால்குடம் இரண்டு எடுக்க வேண்டுமாம், பத்துமலைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்று மகனிடம் கேட்டுச் சொல்லச் சொன்னார்.